நாலாவது மேடையில் பந்து ஏன் வலது பக்கம் போகிறது

நான் டைல்ஸ் போடுகிறவன். கோல்ஃபும் விளையாடுவேன். இதைச் சொன்னால் சிலர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எங்கள் மைதானம் அப்படி ஒன்றும் பெரிய இடம் இல்லை. ஒன்பதே ஒன்பது குழி, வாசலில் ஒரு தகரக் கூரை அறை, அதற்குள் பாதி நாள் மக்கர் பண்ணும் ஒரு காபி இயந்திரம். அதைத்தான் கிளப் என்று சொல்லிக்கொள்கிறோம். பஸ் ஓட்டுகிறவர், தபால்காரர், பல் டாக்டர் என்று எல்லாத் தொழில்காரர்களும் வருவார்கள்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்க ஒரு மேடை உண்டு. அங்கிருந்து தூரத்தில் கொடி நட்டிருக்கும் வழவழப்பான புல்வெளிக்குப் பந்தை அனுப்ப வேண்டும். அந்தப் புல்வெளியை நாங்கள் கிரீன் என்போம். மற்ற எட்டு மேடையிலும் புல் நன்றாக இருக்கும். நாலாவது மேடை மட்டும் பெரிய மரங்களுக்கு அடியில். வெயில் எட்டிப் பார்க்காது. புல் முளைத்து ஒரு வாரம் தலை தூக்கும், அதற்குள் நாங்கள் நின்று அடித்து அடித்துப் பேர்த்து எறிந்துவிடுவோம். மழை வந்தால் சேறுதான். மைதானத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் புல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் என்னென்னவோ விதை போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையை விரித்துவிட்டார்.

அந்தச் சேற்றில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா வழுக்கி விழுந்தாள். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே தகடு வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டார்கள். இந்த வருஷம்தான் அதையெல்லாம் எடுத்தார்கள். இனிமேல் நடக்கலாம், விளையாடலாம், சமதரையாக மட்டும் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நாலாவது மேடை மண்ணுல இவ கால் படக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

"அதை மட்டும் விட்டுட்டு மத்ததை விளையாடட்டுமே மாமா" என்றேன்.

அக்காவே ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டுக் குழி விளையாடிட்டு வந்து ஸ்கோர் சொல்றதுக்கு நான் வீட்டுலயே இருந்துடுவேன்டா."

இந்த நேரத்தில்தான் கிளப்பில் ஒரு முடிவு எடுத்தார்கள். நாலாவது மேடையில் மட்டும் பிளாஸ்டிக் புல் போட்டு ஆறு வாரம் பார்ப்பது, அதன் பிறகு ஓட்டு எடுப்பது. அடியில் போட வேண்டிய சிமெண்டுத் தளத்தை நான் சம்பளம் வாங்காமல் போட்டுத் தந்தேன். மூன்று மீட்டர் அகலம், நாலு மீட்டர் நீளம். குண்டூசியை நிறுத்தினால் நிற்கும், அவ்வளவு மட்டம். மேலே பச்சைப் புல் விரித்து, ஓரத்தில் வெள்ளைக் கோடும் போட்டோம். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மாமா அப்போதும் பிடி கொடுக்கவில்லை. "இவ ஆசையா விளையாட ஆரம்பிப்பா, அவங்க அதைப் பிடுங்கிப் போட்டுட்டு மறுபடியும் மண்ணு ஆக்கிடுவாங்க. ஓட்டு முடியட்டும், அப்புறம் வரோம்."

ஆக அக்கா திரும்ப விளையாடுவதும் விளையாடாததும் அந்த ஓட்டில் தொங்கியது.

ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னால் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர்தான் பல் டாக்டர். "நீங்கதான் எல்லார்கிட்டயும் வாய் குடுத்துப் பேசுற ஆளு. ஒவ்வொருத்தரும் என்ன நெனைக்கிறாங்கன்னு எழுதிட்டு வந்துடுங்க. சனிக்கிழமை கூட்டத்துல படிச்சிட்டு ஓட்டு எடுத்துடலாம்."

"மொதல்ல உங்களுது சொல்லுங்க டாக்டர்."

"மணிக்கட்டுல விண்ணுனு ஏறுது. புல்லுல அடிச்சா மண்ணு கொஞ்சம் வழி விடும். இது விடல. திங்கக்கிழமை காலைல ஒருத்தர் வாயில கைய வெச்சிருக்கும்போது எனக்குக் கை நடுங்கினா நல்லாவா இருக்கும்?"

நியாயமான பேச்சுதான். எழுதிக்கொண்டேன்.

அடுத்து தபால்காரர். பந்தை வைக்கிற சின்னக் குச்சி பிளாஸ்டிக்கில் இறங்காது, அதனால் நடுவில் ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தோம். அவருக்கு அதுதான் வருத்தம். "ஊருக்கே ஒரே சைஸ்ல செருப்பு வாங்கிக் குடுத்த மாதிரி இருக்குப்பா. எனக்கு இன்னும் ஒரு விரல் கீழ வேணும்."

வக்கீலம்மாதான் கடும் எதிர்ப்பு. கோர்ட்டில் பேசுகிற அதே குரலில் சொன்னார். "எழுதிக்குங்க. ஆறு வாரம், ஒம்போது பந்து, ஒம்போதும் குளத்துல. அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு போனாலே அதிகம்."

"ஒம்போதுமே வலது பக்கமாங்க?"

"குளம் வலது பக்கம்தானே இருக்கு? இடது பக்கம் போய்ச் சுத்திட்டு வந்தா விழும்?"

"இல்ல, காரணம் என்னன்னு..."

"பிளாஸ்டிக் வழுக்குதுங்க. மட்டையோட முகம் கடைசி நேரத்துல திரும்பிடுது. இதுல என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கு?"

இதையே வேறு வேறு வார்த்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் பிளாஸ்டிக் சூடாகிறது என்றார். இன்னொருவர் அதில் மின்சாரம் ஏறுகிறது என்றார். எப்படி என்று கேட்டேன், எப்படியோ ஏறுகிறது என்றார். என் பந்தும் நாலைந்து குளத்துக்குப் போயிருந்தது. நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். நாள் முழுக்கக் குத்தவைத்து டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு இடுப்பு திரும்பாமல் போனால் அது அதிசயமா?

ஆதரவாகப் பேசியவர்களில் காத்தாடி முக்கியமானவர். பஸ் ஓட்டுகிறவர். அவர் பந்து எப்போதும் அறுந்த காத்தாடி மாதிரி இடது பக்கம் போய்ப் புதரில் இறங்கும், அதனால் அந்தப் பெயர். அவரே அந்தப் பெயரில்தான் போன் எடுப்பார்.

"அந்த மேடையைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எழுதினேன்னு வை, உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்றார். "பதினோரு வருஷமா நாலாவது கிரீனை நான் தூரத்துல நின்னு பாத்ததோட சரி. இப்ப வாராவாரம் பந்து போய் நட்ட நடுவுல உக்காந்திருக்குது. போன வாரம் கொடிக் கம்பத்துல இடிச்சுது தெரியுமா?"

"பாத்தேன், பாத்தேன். நாலு நாள் அதையேதானே சொல்லிட்டிருந்தீங்க."

"அஞ்சாவது நாளும் சொல்வேன்."

மொத்தம் முப்பத்தொரு பேர். இருபத்திரண்டு பேருக்குப் பிளாஸ்டிக் வேண்டாம். ஆறு பேருக்கு வேண்டும். மூன்று பேர் எதுவானாலும் சரி என்றார்கள். ஓட்டு என்ன ஆகும் என்று இதிலேயே தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். வேலைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே, "எத்தனை பேர் வேணாம்னாங்க?" என்றாள்.

சொன்னேன்.

மாமா செய்தித்தாளை இறக்கவே இல்லை. "நான்தான் சொன்னேனே" என்று மட்டும் அதற்குப் பின்னாலிருந்து வந்தது.

அக்கா கோட்டைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "வேணும்னு சொன்ன ஆறு பேர் யாரு?" என்றாள்.

"காத்தாடிதான் ரொம்பக் குதிக்கிறார்."

"அவர் பந்து இடது பக்கம்தானே போகும்?"

"இப்ப நேரா போகுது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மத்த அஞ்சு பேரு?"

யோசித்துப் பார்த்தேன். அதில் மூன்று பேர் இடது பக்கம் இழுக்கிறவர்கள்தான். சொன்னேன்.

"நேரா அடிக்கிறவங்களுக்கு வலது பக்கம் போகுது. இடது பக்கம் அடிக்கிறவங்களுக்கு நேரா போகுது. வழுக்குறதா இருந்தா ஆளுக்கு ஒரு பக்கமா சிதறணும்டா. இங்க எல்லாருமே ஒரே பக்கம் நகர்ந்திருக்காங்க."

"அதனால?"

"எங்க லேப்ல ஒரு நாள் காலைல வர எல்லா ரிசல்ட்டும் ஒரே அளவு கூடியிருந்தா, ஊருக்கே வியாதின்னு நெனைக்க மாட்டோம். மெஷினைப் பாப்போம்."

மாமா இப்போது செய்தித்தாளை மடித்து வைத்தார். "இதுல மெஷின் எது?"

"அதுதான் தெரியல. டேய், ஒண்ணு பண்ணு. பிளாஸ்டிக்கை எதையாவது போட்டு மூடிட்டு அது மேலயே நின்னு அடிச்சுப் பாரு. பந்து உக்கார்றது பிளாஸ்டிக்லதான், ஆனா சுத்தி இருக்கிறது கண்ணுக்குத் தெரியக் கூடாது. அப்பவும் வலது பக்கம் போனா வழுக்குதுன்னு ஒத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். வேலைக்குக் கொண்டுபோகிற தூசித் துணியை எடுத்துக்கொண்டேன். சிமெண்டுக் கறை பிடித்து, கிழிந்து, எந்தப் பக்கம் நீளம் எந்தப் பக்கம் அகலம் என்றே தெரியாத துணி. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை போட்டேன். அந்த ஓட்டை வழியாகப் பந்து பிளாஸ்டிக் மேலேயே உட்காரும்.

முதலில் துணி இல்லாமல் பத்துப் பந்து அடித்தேன். ஏழு வலது பக்கம் போனது, அதில் நாலு குளத்துக்கு. பிறகு துணியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தேன். வக்கீலம்மா பையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன, படுக்கை போட்டாச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு துணியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நானே அடிக்கிறேன். இதுல நான்தானே வாதி" என்றார்.

ஐந்து பந்து அடித்தார். முதல் பந்து கிரீனில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது சரியாகப் படாமல் முன்னாலேயே விழுந்தது, ஆனால் நேராகத்தான் போனது. மற்ற இரண்டும் கிரீன். ஒன்றுகூடக் குளத்துப் பக்கம் திரும்பவில்லை.

அவர் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கொடியையே பார்த்தார். "துணியை எடுங்க."

எடுத்தேன். மூன்று பந்து அடித்தார். இரண்டு குளம்.

"அதே பிளாஸ்டிக்" என்றார் மெதுவாக. "சரி, பிளாஸ்டிக் நிரபராதி. அப்ப யாரு?"

எனக்கு அப்போதுதான் அந்த வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. பிளாஸ்டிக்கின் ஓரம் ரூல் தடி மாதிரி நேராக இருந்தது. என் கால் இரண்டும் அந்தக் கோட்டுக்குச் சமமாகத்தான் நின்றுகொண்டிருந்தன. நான் அப்படி நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. மண் மேடையில் கோடும் கிடையாது, ஓரமும் கிடையாது, கொடியைப் பார்த்து நின்றோம். இங்கே கோடு இருக்கிறது, கால் தானாகப் போய் அதோடு ஒட்டிக்கொள்கிறது.

வண்டியிலிருந்து நீள அலுமினியப் பட்டியை எடுத்து வந்தேன். தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வைத்திருப்பது. அதை வெள்ளைக் கோட்டோடு ஒட்டி வைத்தேன். பின்னால் போய்க் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பட்டியின் நுனிக்கு நேரே கிரீன் இல்லை, கொடி இல்லை. நட்ட நடுக் குளம் தெரிந்தது. ஒரு வாத்து நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது.

எழுந்து அளந்து பார்த்தேன். மேடையில் பார்த்தால் கோணல் வெறும் அரை மீட்டர்தான். நூற்று இருபது மீட்டர் தள்ளிப் போய்ச் சேரும்போது அது பதினைந்து மீட்டர்.

எங்கே தப்பு நடந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் முதலில் நேரான சுவரைத்தான் தேடுவேன். அதிலிருந்து அளந்துதான் முதல் வரிசை. இங்கே சுவர் கிடையாது. இருந்த ஒரே நேர்க்கோடு பக்கத்தில் போகிற நடைபாதையின் ஓரக் கல். அதிலிருந்து தளத்தின் இரண்டு முனைக்கும் டேப் பிடித்து, அறுபது சென்டிமீட்டர், அறுபது சென்டிமீட்டர் என்று பார்த்துத் திருப்தியாகத் தளம் போட்டேன். நடைபாதை குளத்தைச் சுற்றிக்கொண்டு போகிற பாதை. அன்றைக்கு நான் கொடியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விளையாட வந்திருந்தால் பார்த்திருப்பேன். வேலைக்கு வந்திருந்தேன்.

"இதை யாரு போட்டது?" என்றார் வக்கீலம்மா.

"நான்தாங்க."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நாளைக்கு நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் சொல்லணுமா?"

"நானே சொல்றேன்."

"நல்லது. தானா ஒத்துக்கிட்டா தண்டனை கொஞ்சம் குறையும்."

வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது மனது ஒரு நிலையில் இல்லை. கிளப்பில் பாதிப் பேர் வீட்டுக் குளியலறை என் கை வேலை. கோடு பிசகாது என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். பேசாமல் ஓட்டு முடிந்த பிறகு போய்ச் சரிசெய்யலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. ஆனால் ஓட்டு முடிந்தால் சரிசெய்ய என்ன இருக்கும்? பிளாஸ்டிக்கைச் சுருட்டித் தூக்கிப் போட்டிருப்பார்கள். அக்கா அடுத்த வருஷமும் வேலைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு ஸ்கோர் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போனில் அக்காவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாமல் போனைத் தள்ளிப் பிடித்திருக்கிறாள்.

"நீதானாடா மெஷினு" என்றாள்.

சனிக்கிழமை தகரக் கூரை அறையில் இருபத்தெட்டு பேர். டாக்டர் என் தாளை வாங்கிப் படிக்கப் போனார். நான் எழுந்து நின்றேன்.

"அதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். பந்து வலது பக்கம் போறதுக்குப் பிளாஸ்டிக் காரணம் இல்ல. தளத்தை நான் நடைபாதையைப் பாத்துப் போட்டுட்டேன். கொடியைப் பாத்துப் போடல. கோடு குளத்தைப் பாக்குது. நீங்க எல்லாரும் கோட்டைப் பாத்து நின்னு சரியாத்தான் அடிச்சிருக்கீங்க. தப்பு என்னுது."

காபி இயந்திரம் மட்டும் உறுமியது. பிறகு பின்வரிசையிலிருந்து தபால்காரர் கேட்டார்: "அப்ப எங்க வீட்டு பாத்ரூமு?"

"அதுல நேரா போறீங்களா, வலது பக்கம் போறீங்களா?" என்றார் வக்கீலம்மா.

அறையே சிரித்தது. எனக்குக் காது சூடாக இருந்தது, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வக்கீலம்மா எழுந்து வெள்ளிக்கிழமை தான் அடித்த எட்டுப் பந்தின் கணக்கை ஒவ்வொன்றாகச் சொன்னார். மேடையைத் திருப்பிப் போட்டு இந்த வருஷம் முழுக்க வைத்துப் பார்ப்போம் என்று அவரே முன்மொழிந்தார்.

"மணிக்கட்டு?" என்றார் டாக்டர்.

"அது நிஜமான குறைதான் டாக்டர்" என்றேன். "தளத்தை எப்படியும் பேர்க்கணும். அடியில தடிமனா ரப்பர் குடுத்துடுறேன்."

கை தூக்கச் சொன்னார்கள். இருபத்துமூன்று கை எழுந்தது. வேண்டாம் என்பதற்கு ஐந்து. அதில் ஒரு கை மற்றவர்களுடையதைவிட உயரமாக நின்றது.

"என்ன காத்தாடி, நீங்க பிளாஸ்டிக் கட்சி ஆச்சே?" என்றார் டாக்டர்.

"பிளாஸ்டிக் இருக்கட்டும்ங்க. திருப்பாதீங்க" என்றார். "பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான்யா கிரீனுக்குப் போனேன்."

அடுத்த வாரம் நானும் புல்லுக்காரரும் சேர்ந்து தளத்தைப் பேர்த்தோம். இந்த முறை கொடிக்கு ஒரு முளை, மேடைக்கு ஒரு முளை அடித்து, பட்டியை வைத்துப் படுத்துப் படுத்துப் பார்த்தேன். புல்லுக்காரர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "அன்னைக்கே நெனச்சேன், பாதையைப் பாத்து வெக்கிறாரேன்னு" என்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேய்யா?"

"நீங்க தொழில் தெரிஞ்சவரு. நான் என்னத்தைச் சொல்றது?"

மண்ணை அள்ளினேன்.

சிமெண்டு காய்ந்து, ரப்பரும் பிளாஸ்டிக்கும் விரித்த மறு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். மாமாவும் கூட வந்தார். முதல் மூன்று குழியிலும் அக்கா கன்னாபின்னா என்று அடித்தாள். இரண்டு வருஷம் மட்டையைத் தொடாத கை. நாலாவது மேடைக்கு ஏறியதும் மாமா அவளை நிறுத்திவிட்டு, தான் முதலில் போய் நின்றார். ஒரு காலைத் தேய்த்துப் பார்த்தார். இரண்டு காலாலும் ஒரு குதி குதித்தார். அதுவும் போதாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றி, மறுபடி தேய்த்தார்.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"ம். வா."

அக்கா ஏறி நின்றாள். கொடியைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள், அடித்தாள். பந்து உயரம் போகாமல் தத்தித் தத்திப் போய் கிரீனுக்கு முன்னாலிருந்த மணல் பள்ளத்தில் விழுந்தது.

"நேராத்தான் போச்சு" என்றேன்.

"நேரா மண்ணுக்குள்ள போச்சு" என்றாள். ஆனால் முகம் என்னவோ வேறு மாதிரி இருந்தது.

மேடையிலிருந்து இறங்க ஒரு சின்னச் சரிவு உண்டு. மாமா முன்னால் இறங்கி நின்று கையை நீட்டினார். அக்கா அந்தக் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டு, இறங்கி நடந்தாள்.